பதில் ஆள்

பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். கூரையில் ஒரு மூட்டைகூட இல்லை. கோழிக்கூடை இல்லை, கருவாட்டுச் சாக்கு இல்லை. கசோண்டேவின் கண்ணில் அது பட்டது, மனதில் ஏறவில்லை. முதுகில் துணியால் கட்டியிருந்த ஐந்து மாதக் குழந்தை சிசெங்காவின் காய்ச்சல் அவள் சட்டையைத் தாண்டிச் சுட்டது. ஊர் கிளினிக்கில் மருந்து இல்லை, ஆம்புலன்ஸுக்குச் சக்கரம் இல்லை. பொழுது சாய்வதற்குள் மான்சா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும்.

"ஒரே ஒரு சீட்டு! ஏறும்மா, உடனே கிளம்புது!" கண்டக்டர் கத்தினான்.

"உன் உடனே எனக்குத் தெரியாதா? இதுல எத்தனை பேருப்பா பொம்மை ஆளுங்க?"

அவன் இளித்தான். ஜாம்பியா முழுக்கத் தெரிந்த பித்தலாட்டம்தான். காலி பஸ்ஸில் எவனும் ஏறமாட்டான் என்று, சும்மா திரிகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். நிஜப் பயணி வர வர அவர்கள் நழுவிவிடுவார்கள். அதுவரை வெயிலில் வேகவேண்டியது ஏழை தலையெழுத்து.

இன்று அவள் உட்கார்ந்ததுமே பஸ் புறப்பட்டது. ஒருவரும் இறங்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

தார் முடிந்து செம்மண் தொடங்கியது. தேர்தல் வந்தால் ஜல்லி கொட்டி, ஜெயித்ததும் அள்ளிக்கொண்டு போன ரோடு. பள்ளத்துக்குப் பள்ளம் தகரம் கடகடக்க, மூடாத ஜன்னல் வழியே புழுதி வந்து பல்லில் நறநறக்க, அதற்கும் அடியிலிருந்து, ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துபோன மாதிரி ஒரு வாடை மெல்ல மெல்ல எழுந்து அவள் தொண்டையில் நின்றது. யாரும் இருமவில்லை. யாரும் நிலக்கடலை உரிக்கவில்லை. டிரைவரைத் திட்ட ஓர் ஆள்கூட இல்லையே, இது என்ன பஸ்?

பக்கத்து சீட்டுக்காரியிடம் பேச்சுக் கொடுத்தாள். "எங்கக்கா இறங்கணும்?"

"எனக்குப் பதிலா ஆள் வந்ததும் இறங்கிடுவேன், தங்கச்சி."

"ஓடுற பஸ்ல எங்கேருந்து ஆள் வரும்?" கசோண்டே சிரிக்கப் பார்த்தாள். அந்த அக்கா சிரிக்கவில்லை.

போன மழையில் ஒரு பஸ் ஆட்களோடு கவிழ்ந்து மூழ்கிய ஓடை வந்தது. பாலம் இன்னும் வரவில்லை. பாலம் வரப்போகிறது என்ற போர்டு மட்டும் வந்திருந்தது. பஸ் கரையில் நின்றது. பிள்ளை முனகினான். நெற்றியில் ஈரத்துணி போடலாம் என்று அவனை முதுகிலிருந்து அவிழ்த்தாள்.

"குடு, நான் வச்சிக்கிறேன்." அக்கா கை நீட்டினாள்.

பஸ்ஸில் பிள்ளை மடி மாறுவது புதிதா என்ன? கொடுத்தாள். குனிந்து பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள்.

பக்கத்தில் சீட்டு கிறீச்சிட்டது.

நிமிர்ந்தாள். அக்கா இல்லை. வெளியே, ஓடைச் சரிவில் இறங்கிப்போகும் ஒரு முதுகு. தண்ணீர் சொட்டச் சொட்ட.

"ஐயோ, என் பிள்ளை!"

"சீட்டுலதாம்மா இருக்கான்," என்றான் கண்டக்டர். "காய்ச்சலும் இறங்கிடுச்சு, பாரு."

பஸ் நகர்ந்தது.

சிசெங்கா உட்கார்ந்திருந்தான். இன்னும் உட்காரவே பழகாதவன். முதுகு நிமிர்ந்து. கை இரண்டும் தொடைமேல்.

அள்ளினாள். வரவில்லை. இழுத்தாள். அசையவில்லை. கன்னம் ஜில்லென்றிருந்தது.

"என் கண்ணு... அம்மாவைப் பாருடா."

அவன் திரும்பவில்லை. பஸ்ஸில் இருந்த எல்லோரையும் போலவே, இமைக்காமல், நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.