குரலை அழிக்கச் சொன்ன நாள்

நாமத்தின் முதல் வரியைச் சொல்லிவிட்டு மீனு நிறுத்தினாள். கூப்பிய கையோடு தலையை லேசாகச் சாய்த்து, காலியாகக் கிடந்த அலமாரித் தட்டைப் பார்த்தாள்.

ஸ்ரீவராகத்து வீட்டில் அந்தி மழை ஓட்டின் மேல் விடாமல் பொரிந்துகொண்டிருந்தது. விளக்கில் எரிந்த நல்லெண்ணெய் வாசனையும் ஈரச் சுவரின் வாடையும் கலந்து கூடத்தில் கனத்து நின்றன. மீனுவின் அம்மா சுப்ரியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கழக்கூட்டத்து ஆபீஸிலிருந்து திரும்ப நேரமாகும் நாட்களிலும் ஆறு வயதுக் குழந்தை விளக்கின் முன் சொல்லும் சாயங்கால நாமத்தை விட்டுவிடக் கூடாதென்று, அந்தப் பேசும் ஸ்பீக்கரை வாங்கி வைத்தவளே அவள்தான். மீனு ஒரு வரி சொன்னால் அது அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கும். பாவம், அவளுக்கு அது ஒத்தாசையாகத்தான் பட்டது. போன வாரம் ஸ்பீக்கர் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். நாமம் மட்டுமா? ஜுரத்தில் மீனு அழுதது, தூக்கத்தில் பிதற்றியது, அம்மா காதில் ரகசியமாய்ச் சொன்னது, எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

அதே கம்பெனியிடம் இருந்த படங்களை வீட்டு டிஸ்க்குக்கு மாற்றினாள். மெயிலைக் காசு கொடுத்து ஒரு சின்ன நிறுவனத்துக்குக் கொண்டுபோனாள். குழந்தையின் குரலை அடியோடு அழித்துவிடும்படி கம்பெனிக்கு எழுதினாள். இன்று காலை அலமாரித் தட்டிலிருந்த ஸ்பீக்கரைப் பழைய சாமான்காரனிடம் போட்டாள்.

"ஒரு டப்பாவோடயா சண்டை? இனிமே கிரிக்கெட் ஸ்கோர் நீதான் சொல்லணும், கேட்டோ!" என்று சிரித்துவிட்டுத்தான் கணவன் கௌசிக் வேலைக்குப் போனான்.

"அடுத்த வரி நோக்கே தெரியுமே. சொல்லு, சமத்தோன்னோ," என்றாள் சுப்ரியா மீனுவிடம்.

"அது சொல்லட்டும்மா."

"அது போயாச்சுடி."

"இல்லையே," என்றாள் மீனு. "மூச்சு விடறதே."

கரண்ட் போனது. சுடர் மட்டும். மழைச் சத்தம் எங்கோ விலகினாற்போல இருந்தது.

கைபேசி அதிர்ந்தது. கம்பெனியின் பதில். மீனுவின் குரல் முழுவதும் அழிக்கப்பட்டது.

அப்பாடா என்றிருந்தது சுப்ரியாவுக்கு.

"சொல்லு, கண்ணா."

மீனு வாயைத் திறந்தாள்.

சத்தமில்லை.

மறுபடியும். உதடு அசைந்தது. தொண்டை நரம்பு புடைத்தது. சத்தமில்லை. கண்ணீர் கொட்டியது. அதற்கும் சத்தமில்லை.

சுப்ரியா அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். சின்ன உடம்பு குலுங்கியது. அம்மா, அம்மா என்று அலறும் வாய் அவள் தோளில் ஈரமாகத் திறந்து திறந்து மூடியது.

மேலே, காலித் தட்டில், மீனுவின் குரல் மெல்லச் செருமிக்கொண்டது.

அடுத்த வரியைச் சொன்னது.

பிறகு, சுப்ரியா சொல்வதற்காகக் காத்திருந்தது.