விட்டகல் எண்

“குமுதவல்லி, தொண்ணூற்றொன்று” என்று காப்புக்கணி அறிவித்ததும், கூடத்தில் இருந்த ஐந்து பேரும் ஒரே சமயத்தில் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நல்லவேளை, அங்கே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நார்வே பயணத்துக்காகக் குமுதவல்லி பருப்புப்பொடி அரைத்துக்கொண்டிருந்தார்.

ஈரோட்டு அடுக்ககம் ஒன்றின் ஆறு பேர் சேர்ந்து கிளம்பும் பயணம் அது. பயணக் காப்பீடு எடுப்பதா வேண்டாமா என்று ஒரு மாதம் சண்டை போட்டார்கள். கடைசியில் பரஞ்சோதி ஜெயித்தார். மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் பெரிது என்பதாலேயே குழுத் தலைவர் ஆனவர். “வெளிநாட்டுல போய் விழுந்தா யாருங்க பாக்கறது? நம்ம மூணாவது மாடிக்காரரு அப்படிப் போய்ச் செத்து, உடம்பு வர்றதுக்கே இருபது நாளாச்சு” என்று அவர் சொன்னதும் எல்லோரும் பாஸ்போர்ட் நகலை எடுத்து நீட்டினார்கள். மறுநாளே காப்பீட்டு நிறுவனத்தின் பேசும் கருவியான காப்புக்கணியை வரவழைத்தார்கள். பார்ப்பதற்கு இட்லிக் குண்டான் அளவுதான்.

அது சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் கேட்பதில்லை. காப்பீட்டுக்காரர்கள் எப்போதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அயல்நாட்டில் ஒருவரைப் படுக்கையில் மாதக்கணக்கில் போட்டு வைப்பது நோய் இல்லை, தனிமை. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் நோயாளி நாலு நாளில் எழுந்து விமானம் ஏறிவிடுகிறார். ஆகவே காப்புக்கணி ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசும். ‘இவர் அங்கே படுத்துவிட்டால் நீங்கள் ஊர் பார்ப்பதை விட்டுவிட்டு உடனிருப்பீர்களா?’ வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் நாடிப்பட்டை உண்மையைச் சொல்லிவிடும். அதிலிருந்து ஆளுக்கொரு ‘விட்டகல் எண்’ பிறக்கும். மற்றவர்கள் உங்களை அங்கேயே விட்டுவிட்டு வர நூற்றுக்கு எத்தனை பங்கு வாய்ப்பு என்பதுதான் அது. ஒரே ஒருவரின் எண் நாற்பதைத் தாண்டினாலும் குழுவுக்குக் காப்பீடு கிடையாது.

பரஞ்சோதிக்கு ஒன்பது வந்தது. அவர் மனைவி கோமளத்துக்கு எட்டு. எதிர்வீட்டுத் தண்டபாணி, அவர் மனைவி, மைத்துனர் மூவருக்கும் பன்னிரண்டுக்குள். குமுதவல்லிக்கு மட்டும் தொண்ணூற்றொன்று.

இத்தனைக்கும் அந்த அம்மாளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. கோமளத்துக்குப் பித்தப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கூடவே கிடந்தவர் அவர்தான். தண்டபாணியின் கண் அறுவைக்குப் பிறகு வேளை தவறாமல் வந்து சொட்டு மருந்து விட்டவரும் அவரே. நாலாவது மாடியில் தனியாக இருப்பவர், கூப்பிட்டால் வருவார். அவரை யாரும் போய்ப் பார்க்க வேண்டிய தேவை இதுவரை வந்ததே இல்லை.

மானமுள்ளவர்கள் அந்த எண்ணைக் கேட்டதும் தலையைக் குனிந்திருப்பார்கள். இவர்களும் குனிந்தார்கள், அரை நிமிடம். பிறகு தண்டபாணி தொண்டையைச் செருமினார்.

“மிசினு சும்மா சொல்லுமாங்க? அந்தம்மாகிட்ட என்னமோ இருக்கப் போய்த்தானே இப்படி வருது.”

“ஆமாங்க, கொஞ்சம் ஒட்டாத ஆளுதான்” என்றார் அவர் மனைவி. சமையலறையில் ‘தண்டபாணி, உப்பு கம்மி’ என்று எழுதி ஒட்டிய பொட்டலம் அப்போதே தயாராகியிருந்தது.

பரஞ்சோதி கூட்டம் நடத்தும் தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாலிசியே வேண்டாம், அவங்களையும் கூட்டிட்டுப் போலாம்ங்கறவங்க கையத் தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. கோமளத்தின் கை மட்டும் கொஞ்சம் மேலே போய், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கியது.

“நீயே சொல்லிப்போடு கோமளம். பொம்பளைக்குப் பொம்பளை சொன்னாத்தான் நல்லாருக்கும்.”

சமையலறையில் குமுதவல்லி பனிக்காலணி போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கால் பழக வேண்டும் என்று ஈரோட்டு வெயிலில் இரண்டு வாரமாக அதோடுதான் நடமாட்டம். பனி விழும்போது கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அதற்காகவே முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுத்தவர்.

“அக்கா, உங்களுக்கு நம்பரு ரொம்பக் கூட வந்துருச்சுங்க. பாலிசி தரமாட்டேங்குது.”

“பாலிசி இல்லாமப் போனா என்ன கண்ணு?”

“அவங்க ஒத்துக்கலைங்க.”

“நீ?”

கோமளம் மிக்ஸியைப் பார்த்தார்.

“நீ எங்கூட இருப்பேன்னு அதுகிட்டச் சொல்லலையா?”

“சொன்னேங்க்கா.”

குமுதவல்லி கோமளத்தின் மணிக்கட்டில் இருந்த நாடிப்பட்டையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் முக்காலியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்த்தார். “சரி, பத்தரமாப் போயிட்டு வாங்க” என்றார். கோமளம் குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்தார். தன் வாயை எதைக் கொண்டு கழுவுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

குமுதவல்லியின் பெயரை நீக்கியதும் காப்புக்கணி மறுபடி கணக்கிட்டது.

“பரஞ்சோதி, எண்பத்தெட்டு. கோமளம், தொண்ணூற்று நான்கு. தண்டபாணி, தொண்ணூறு…”

“பழுதாகிப் போச்சா இது?” என்று பரஞ்சோதி அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“பழுது எதுவும் இல்லை. முதல் கணக்கில் உங்கள் எண்கள் குறைவாக இருந்ததற்கு ஒரே காரணம் குமுதவல்லி. யார் படுத்தாலும் அவர் உடனிருந்திருப்பார். இப்போது அவர் இல்லை.”

கோமளம் புருஷனைப் பார்த்தார். “ஏனுங்க, நீங்க இருக்கறப்பவே எனக்குத் தொண்ணூத்தி நாலா?”

“எனக்கு மட்டும் என்னவாம்? எண்பத்தெட்டு போட்டிருக்குதே, பாக்கலையா?” என்றார் அவர். நாற்பத்திரண்டு வருடக் குடித்தனம் அது.

கொஞ்சமாவது வாயடைத்துப் போயிருக்க வேண்டும். பரஞ்சோதி அப்படியெல்லாம் போகிற ஆள் இல்லை. “அப்பச் சரி, அந்தம்மாவத் திரும்பச் சேத்துக்கலாம். அவங்க நம்பரு கொறையறதுக்கு ஆளுக்கொரு தடவை நல்லா நெனச்சுப் பேசிட்டு வருவோம்” என்றார். தண்டபாணி வீட்டார் மூன்று பேரும் ‘அதான் சரி’ என்றார்கள். இதைச் சொல்கிறபோது எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

கூப்பிட்டதும் குமுதவல்லி முதல் ஆளாக எழுந்தார். வெறுங்காலோடு வந்து காப்புக்கணி முன்னால் உட்கார்ந்தார். மற்றவர்கள் பால்கனியில் நின்றார்கள். பத்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தபோது அவர் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது.

“என்னங்க சொன்னீங்க?” என்று பரஞ்சோதி பாய்ந்து வந்தார்.

“கேக்கணுமா? யாருக்கு முடியாமப் போனாலும் நான் இருப்பேன்னுதான் சொன்னேன்.”

காப்புக்கணி எண்களை வாசித்தது. எண்பத்தெட்டு, தொண்ணூற்று நான்கு, தொண்ணூறு. ஒன்றுகூடக் குறையவில்லை.

குமுதவல்லி தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பட்டை சரியாகத்தான் கட்டியிருந்தது.

“நானும் இருப்பேன்னுதான் கண்ணு நெனச்சேன்” என்றார் கோமளத்திடம். ஒரு கையில் காலணிகளை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

“அந்த எவர்சில்வர் டப்பா என்னோடது. பொடிய வேற எதுலயாவது கொட்டிட்டுக் கழுவிக் குடுத்துரு.”