இணைசெவி

காலையில் தறி ஷெட்டுக்குள் நுழைந்ததும் என் முதல் வேலை காதைச் சரிபார்ப்பது. தொழிலாளர் காதை அல்ல, என் காதை. வாசல் பெட்டியின் முன் நின்றால், என் வலது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருக்கும் இணைசெவி ஒரு முறை அதிரும். திரையில் எண் விழும். அன்று இருபத்தெட்டு. இந்த ஷெட்டில் மிகக் குறைவாகக் கேட்கிற ஆள் இருபத்தெட்டு டெசிபல் இழந்திருக்கிறார், ஆகவே நானும் அவ்வளவு இழந்திருக்கிறேன் என்று அதற்குப் பொருள்.

சட்டம் அப்படி. முன்பெல்லாம் வேலையில் காது போனால் சான்றிதழோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, வழக்குப் போட்டு, இழப்பீடு கைக்கு வருவதற்குள் ஆளே போய்விடுவாராம். அதனால் சமச்செவிச் சட்டம் கொண்டுவந்தார்கள். இரைச்சலுக்கு யார் பொறுப்போ அவர் காதில் இணைசெவி. தொழிலாளிக்குக் கேட்காதது அவருடைய இரண்டு காதுக்கும் கேட்காது. நல்ல சட்டம்தான். முதலாளி தன் காதையே கொடுப்பார் என்று நம்பியது மட்டும்தான் பிசகு. எங்கள் முதலாளி கோவையில் இரண்டு காதும் கணீரென்று கேட்க சௌக்கியமாக இருக்கிறார். சோமனூர் ஷெட்டின் செவிப்பொறுப்பாளன் என்று கையெழுத்துப் போட்டிருப்பவன் கவினாகிய நான், சம்பளத்துக்கு.

என் எண் நாற்பதைத் தொட்டால்தான் நிறுத்தச் சாவி திறக்கும். அதைத் திருப்பினால் காற்றுத்தறி முப்பத்தாறும் நின்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் இரைச்சலை அடைக்கும் ஒலிக்கூண்டு மாட்டாமல் மறுபடி ஓடாது, முதலாளியே வந்து கெஞ்சினாலும். அதுவரை நான் கூண்டு கேட்டு முதலாளிக்குக் கடிதம் எழுதலாம். மூன்று வருடத்தில் பதினொன்று எழுதியிருக்கிறேன். பதினொன்றும் பரிசீலனையில் இருக்கின்றன.

அன்று அரையாண்டுச் சோதனை. முதலில் வந்தவள் செண்பகா, இருபத்தாறு வயது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். கண்ணாடி அறைக்குள் எனக்கெதிரே உட்கார்ந்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கினாள்.

"எவ்வளவுங்க சார்?"

"முப்பத்தொண்ணு."

"போன தடவை பத்தொம்போதுங்களே."

"ஆமா."

"அப்ப அடுத்த தடவை எவ்வளவுங்க?"

நான் பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவள் போனபின் எழுந்தேன், உட்கார்ந்தேன், திறக்க வேண்டாத இழுப்பறையைத் திறந்து மூடினேன். முப்பத்தொன்று போதாது. இன்னும் ஆறு மாதம் அவள் அந்தத் தறியில்தான் நிற்பாள்.

அடுத்து தன்ஷிகா அக்கா வந்தார். நாற்பத்தெட்டு வயது, முப்பது வருடத் தறி வேலை. ஓசூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அவரைப் பற்றி எனக்கு மட்டும் ஒன்று தெரியும்.

இயந்திரச் சோதனையில் முதலாளிகள் தில்லுமுல்லு செய்ததால், ஆளுக்கு ஆள் நேரெதிரே உட்கார்ந்துதான் சோதிக்க வேண்டும் என்று விதி. அந்த விதியை எழுதியவர்கள் ஒரு நாளாவது தறி ஷெட்டில் நின்றிருப்பார்களா என்பது சந்தேகம். இங்கே யாரும் காதால் பேசுவதில்லை. அந்த இரைச்சலில் உதட்டையும் புருவத்தையும் பார்த்தே பத்துத் தறி தாண்டி வம்பளப்பார்கள். ஒலிப்பொத்தானை அழுத்தும்போது என் புருவம் தானாக ஏறுகிறது. அது அக்காவுக்குப் போதும்.

போன சோதனையில் ஹெட்போன் ஒயரைச் செருக மறந்துவிட்டேன். ஒலியே போகவில்லை. அக்கா மட்டும் ஒன்றுவிடாமல் அமுக்கினார். நான் பார்த்தேன். பார்த்தும் பழையபடி இருபத்தெட்டு என்றே எழுதினேன். என் மனைவி தாரணிக்கு அப்போது எட்டாம் மாதம். பிறக்கப்போகும் குழந்தையின் குரலைக் கேட்க வேண்டும் என்று நான் பேராசைப்பட்டேன். இப்போது வள்ளிக்கு நாலு மாதம். போன வாரம்தான் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

"அக்கா, சுவரப் பாத்துத் திரும்பி உக்காருங்க."

அக்கா அசையவில்லை. "ஏனுங் சார், எப்பவும் இப்படித்தானுங்களே உக்காருவேன்."

"இன்னைக்கு அந்தப் பக்கம்."

"வேண்டாங்க சார். பாப்பா சிரிக்குதுன்னு போன வாரந்தான சொன்னீங்க."

நான் கண்டுகொண்டும் மறைத்தது அவருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு முகம் சுட்டது. "உங்களுக்கு ஆயுசுக்கும் செவியீடு உண்டுக்கா. முழுச் சம்பளம். அத எதுக்கு விட்டீங்க?"

"மொதல்ல வேலை போயிருமேன்னு மறைச்சனுங்க. அப்புறம் அதுவே பழகிப்போச்சு. சட்டம் வந்தப்பறம் பாத்தா, உங்களாட்டம் சம்பளத்துக்கு வந்த ஆளு காதுதான போகுது. எங்காதக் கெடுத்தது நீங்களா? உங்களத் தண்டிக்க எனக்கு மனசு வரலீங்க."

கோபம் வந்தது. யார்மீது என்று சொல்லத் தெரியவில்லை. "செண்பகாவுக்கு முப்பத்தொண்ணுக்கா" என்றேன்.

"அந்தப் புள்ளைக்கா?"

"ஆமா. ரெண்டே வருசம்."

அக்கா கண்ணாடி வழியே செண்பகா நிற்கும் பதினேழாம் தறியைப் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியைத் தானே திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

முப்பதில் அவர் விரல் அசையவில்லை. நாற்பதில் இல்லை. ஐம்பதில் இல்லை. அறுபத்தெட்டில் அசைந்தது.

எண்ணைப் பதிவு செய்த கணமே என் காது இறங்கிவிடும். அடுத்த சோதனைவரை, ஆறு மாதம், அதுதான் என் காது. பதிவுக்கு முன் தாரணியைப் போனில் கூப்பிட்டேன். "வள்ளியச் சிரிக்க வை, சீக்கிரம்" என்றேன். அவள் காரணம் கேட்காமல் என்னென்னவோ செய்தாள். கிலுகிலுப்பை ஆட்டினாள், வயிற்றில் ஊதினாள். சொன்னால் சிரிக்கிற வயதா அது? வள்ளி ஒரு தும்மல் போட்டாள். அதைக் கேட்டுக்கொண்டு பதிவை அழுத்தினேன்.

முதலில் தாரணியின் "ஹலோ" போனது. பிறகு தறிகள் தூரத்து மழை அளவுக்கு இறங்கின. சாவிப் பெட்டியின் மூடி திறந்திருந்தது. சாவியைத் திருப்பினேன். தறிகள் நின்றதைக் காலால்தான் தெரிந்துகொண்டேன். மூன்று வருடமாக ஓயாமல் அதிர்ந்த தரை சும்மா இருந்தது. செண்பகா காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. முதலாளி. வாழ்க்கையில் முதல் முறையாக நியாயமான காரணத்தோடு அவர் அழைப்பை எடுக்காமல் விட்டேன்.

எல்லோரும் வெளியேறியபின் அக்கா என்னிடம் வந்தார். ஒரு நூல்கண்டை என் கையில் வைத்தார். உதட்டை நிதானமாக அசைத்தார். எனக்கும் மூன்று வருடத்தில் கொஞ்சம் படிக்க வந்திருந்தது.

"ஒரு முனையத் தொட்டில்ல கட்டுங்க. இன்னொரு முனை உங்க மணிக்கட்டுல. பாப்பா முழிச்சு அசைஞ்சா இழுக்கும். என்ர பையனுக்கு அப்படித்தான் கட்டுனேன்."

தலையாட்டினேன். அவர் வாசலைத் தாண்டியபின்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பையனுக்கு வரும் தை மாதம் இருபத்துநாலு முடிகிறது. சட்டம் வந்தே ஒன்பது வருடம்தான்; அதற்கு வெகு முன்பே அவர் காது போயிருந்தது. நான் என் ஆறு மாதத்தை எண்ணி நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்மணி மகனின் முதல் சொல்லையே கேட்டிருக்க மாட்டார். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு சத்தமாக அழுதேன் என்பது எனக்குத் தெரியாது.

மதியம் வீட்டில் தொட்டிலுக்கும் என் கைக்கும் நூலைக் கட்டிக்கொண்டு, ஒலிக்கூண்டு மாட்டும் ஆட்களுக்கு ஆர்டர் எழுத உட்கார்ந்தேன். ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்தால் நூல் தடுத்தது, மறுபடி உட்கார்ந்தேன். பாதி எழுதும்போது மணிக்கட்டில் சுருக்கென்று இழுத்தது. பதறி ஓடினேன். வள்ளி அழவில்லை. காலை உதைத்துக்கொண்டு, வாய் முழுக்கத் திறந்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.