பயம் வற்றியவள்

பேய் வாசுகியின் கழுத்தைக் குதறிக்கொண்டிருந்தபோது, அவள் வீட்டில் கேஸ் தீர்ந்துபோனதை நினைத்துக்கொண்டிருந்தாள். காதுக்குக் கீழே ஒட்டியிருந்த அச்சமானி ஒன்பது காட்டியது.

ஒன்பது! கொட்டாவி விட்டாலே பன்னிரண்டு வரும்.

மாயவெளி விளையாட்டகத்தில் வேலை என்றால் பயப்படுவதுதான். நாடி, வியர்வை, தொண்டை வறட்சி எல்லாவற்றையும் அச்சமானி அளந்து ஓர் எண்ணாகச் சொல்லும். அதைத் தின்று வளர்வது மருள்பொறி. ஊழியர்கள் எதைக் கண்டு நடுங்கினார்களோ, அதை வைத்தே விடிவதற்குள் ஒரு புது விளையாட்டைக் கட்டிவிடும். கதை எழுத ஆள், படம் வரைய ஆள் என்ற காலமெல்லாம் போயிற்று. இப்போது நடுங்க ஆள் இருந்தால் போதும். அறுபதுக்குக் கீழே இறங்கியவர்களை ‘வற்றியவர்’ என்பார்கள். வற்றியவர்களைக் கம்பெனி வைத்துக்கொள்வதில்லை.

வாசுகி வருஷக்கணக்கில் பேய் பார்த்தவள். அது வாயைத் திறந்தால் கடைவாயில் சொத்தை இருக்கிறதா என்று பார்க்கும் அளவுக்குப் பழகிவிட்டாள். ஆனால் இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது. நாற்பது வயதில் நேர்முகத் தேர்வுக்குப் போய், “நல்லா பயப்படுவேன் சார்” என்றா சொல்வது?

“ஒன்பதா?” பக்கத்து இருக்கை ஜெபராஜ் எட்டிப் பார்த்தான். “தீபாவளிக்கு எங்க வீட்டு நாய்க்கே எண்பது வரும்.”

“சிரிக்காத ஜெபா. நாளைக்கே கூப்பிட்டு வேலையை விட்டு அனுப்பிடுவாங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, எண் எழுபத்தைந்துக்குத் தாவியது. இருவரும் மேசைத் திரையில் அதையே பார்த்தார்கள்.

“அடிப்பாவி!” என்றான் ஜெபராஜ். “பேய விடு. நந்தகோபன் உன்னைக் கூப்பிடறதா நினைச்சுக்கோ.”

நந்தகோபன் அந்தக் கிளையின் மேலாளர். பதவியின் பெயர் ‘கனவுத் தலைவர்’. எல்லோரும் தன்னை நந்து என்றே கூப்பிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டிருந்தார். கூப்பிட்ட ஒரே ஒருவன் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான்.

வாசுகி அவர் புன்னகையை நினைத்துக்கொண்டாள். எண் எகிறியது.

மறுநாள் வந்த விளையாட்டில் பேயே இல்லை. ஒரு கண்ணாடி அறை. மேசைமேல் கண்ணைத் துடைக்க ஒரு டிஷ்யூ பெட்டி. உள்ளே இதமாகச் சிரிக்கிற ஒருவர். “ஒரு நிமிஷம் உள்ள வாங்களேன்.” அவ்வளவுதான். சோதித்துப் பார்த்தவர்களில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். பேய் நாட்டுக்கு நாடு வேறு மாதிரி இருக்கும். கண்ணாடி அறை உலகம் முழுக்க ஒன்றுதான். விளையாட்டு பிய்த்துக்கொண்டு போயிற்று.

ஆனால் கொஞ்ச நாளில் ஊழியர்களின் எண்கள் மறுபடி சரிந்தன. விளையாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், நிஜத்தில் யாரும் போகவில்லையே! மருள்பொறி யோசித்து ஒரு பரிந்துரை தந்தது. வாரம் ஒருவர் உண்மையாகவே போக வேண்டும். வியாழக்கிழமை உத்தமம். வெள்ளி என்றால் விடுமுறைச் சந்தோஷம் கலந்துவிடும்.

“நாமெல்லாம் ஒரு குடும்பம்,” என்று நந்தகோபன் கூட்டம் போட்டுச் சொன்னார். “குடும்பத்துல ஒருத்தர் வெளியூர் போறதில்லையா?”

பொறி தந்த முதல் பெயர் ஜெபராஜ். எல்லோருக்கும் பிடித்தவன். அவனே போனால் மற்றவர்கள் அதிகம் நடுங்குவார்கள் என்று அதற்குக் கணக்கு.

நந்தகோபன் வாசுகியைத் தனியாக அழைத்தார். “நீயே கூப்பிட்டுச் சொல்லிடேன்மா. எனக்கு மனசு சட்டுனு இளகிடும்.” இளகிய மனசின் காதடியில் தொண்ணூற்றாறு மின்னிக்கொண்டிருந்தது.

“சார், அவன் என் ஃப்ரெண்டு.”

“அப்போ பொறிகிட்ட வேற பேர் கேக்கவா?”

அவள் கேட்கச் சொல்லவில்லை.

ஜெபராஜ் சிரித்துக்கொண்டே கண்ணாடி அறைக்குள் வந்தான். டிஷ்யூ பெட்டியைத் தட்டிப் பார்த்தான். “தத்ரூபமா இருக்கே! இது எத்தனாவது கட்டம்?”

“இது விளையாட்டு இல்ல, ஜெபா.”

சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. கண்ணாடிக்கு வெளியே கூடம் முழுக்க எண்கள் தாவித் தாவி ஏறின. வாசுகியுடையது மட்டும் இறங்கியது. எண்பது. நாற்பது. பத்து. அப்பாடா, நான் இல்லை என்று அவளைக் கேட்காமலே அவள் உடம்பு சொல்லிவிட்டது.

“பூஜ்யம் காட்டுது, வாசுகி,” என்றான் ஜெபராஜ். டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டான்.

பூஜ்யம். வற்றிவிட்டது. அடுத்த வாரம் தான்தான் என்று அவள் காத்திருந்தாள். ஆனால் பொறிக்கு அந்தப் பூஜ்யம் எந்தத் தொண்ணூறையும்விட ருசித்திருந்தது. புதுப் பதிப்பில் ஆடுபவர் உள்ளே போவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து மற்றவர்களைக் கூப்பிடுகிறார். கம்பெனி அதைத் திகில் வரிசையில் வெளியிடவில்லை. புல்லாங்குழல் இசைக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் நடுவில் ‘மன அமைதி’ வரிசையில் வெளியிட்டது. படுக்கப் போகுமுன் ஒருவரையாவது கூப்பிடாவிட்டால் தூக்கமே வருவதில்லை என்று ஜனங்கள் எழுதினார்கள்.

அமைதிக்கும் அசல் சரக்கு வேண்டுமே. வியாழன்தோறும் பொறி ஒரு பெயர் தரும், வாசுகி கூப்பிடுவாள், எண் பூஜ்யத்துக்கு இறங்கும். அன்று மாலை வரை நன்றாக இருக்கும். வெள்ளி காலையிலிருந்து எண் மறுபடி ஏறத் தொடங்கும். கூடத்தில் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன.

பிறகு ஒரு வியாழன் வந்தது. கூடத்தில் அவளும் நந்தகோபனும் மட்டும்.

“காபி சாப்பிட்டியாம்மா?”

“ஆச்சு சார். நீங்க?”

பொறி பெயர் எதையும் தரவில்லை. திரையில் ஒரு வரி மட்டும் வந்தது: முந்துகிறவர் கூப்பிடலாம்.

இருவர் காதடியிலும் தொண்ணூற்றொன்பது. இருவரும் இதமாகச் சிரித்தார்கள். இருவரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தார்கள்.