இருட்டுக்குள் தெரியும்வரை

புது டிவியில் அஜித்தாவை முதலில் உறுத்தியது மகளின் முகம். சுவரில் பாதியை அடைத்து நின்ற அந்தப் பெரிய திரையில் கம்சிகா பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் குனிந்திருந்தாள். கன்னம் இரண்டும் தக்காளியாகச் சிவந்திருந்தன, பல்லில் நீலம் பாய்ந்திருந்தது, மெழுகுவர்த்திச் சுடர்கள் ஆடும்போதெல்லாம் தமக்குப் பின்னால் இன்னொரு சுடரை இழுத்துக்கொண்டு போயின. ஆறு வருடமாகக் குளிப்பாட்டித் துடைத்த முகம். அதற்கு இந்த நிறம் இல்லை.

யனுஷன் டிவியைச் சுவரில் பூட்டிவிட்டு மத்தியான ஷிப்டுக்குப் போயிருந்தான். செவன் கிங்ஸ் என்ற அந்தக் குளிர்நாட்டு ஊரில் டிசம்பர் மாதத்துப் பொழுது, பிள்ளைகள் பள்ளியால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் இருண்டுவிடும். கம்சிகா மேலே தன் அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஹீட்டர் குழாய்கள் சூடேறித் தட்டும் சத்தமும், புதுப் பிளாஸ்டிக்கின் மணமும், பெட்டியிலிருந்து சிந்திய வெள்ளைத் தெர்மோகோல் மணிகளும் ஹோலை நிறைத்திருந்தன.

இடைவேளையில் யனுஷன் அழைத்தான்.

"எப்பிடி இருக்கு படம்?"

"பிள்ளையின்ர முகம் பிள்ளையின்ர மாதிரி இல்லை."

"அது கடையில பளிச்செண்டு காட்டுறதுக்கு வச்ச செட்டிங். சினிமா மோட் எண்டு ஒண்டு இருக்கும், அதில போடும். ஷார்ப்னஸைக் குறைச்சுவிடும், ஆட்டத்தை மறைக்கிற மோஷன் செட்டிங்கை நிப்பாட்டும். பிறகு லைட்டை நூத்துப்போட்டு, இருட்டுக்குள்ள என்ன இருக்கெண்டு தெரியும்வரை பிரைட்னஸை ஏத்தும்."

அஜித்தாவுக்கு வேலை கண்ணாடிக் கடையில். வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, முந்தினது தெளிவா என்று நாள் முழுக்கக் கேட்கிறவள். அந்தப் பழக்கத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, சோபாவில் உட்கார்ந்தாள். போனிலிருந்து அதே பிறந்தநாள் வீடியோவை மறுபடி திரையில் ஓடவிட்டாள். சினிமா மோடில் மகளின் கன்னம் கோதுமை நிறத்துக்கு இறங்கியது. ஷார்ப்னஸைக் குறைத்ததும் தலைமயிரைச் சுற்றியிருந்த வெள்ளைக் கோடு போயிற்று. மோஷனை நிறுத்தினாள்.

நிறுத்தியதும் படம் அசைந்தது.

மிக லேசான அசைவு. மேலே, கீழே. மறுபடி மேலே. இதுவரை டிவிதான் அதை வழித்துத் துடைத்து மறைத்திருக்கிறது. கையில் போனைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நிற்கிறவர் எடுத்தால் படம் இப்படித்தான் ஆடும். யனுஷனுக்குக் கை எப்போதும் நடுங்கும் என்று நினைத்து அவள் சிரிக்கப்போனாள். அப்போது திரையில் யனுஷன் சமையலறைப் பக்கமிருந்து வந்து, மகளுக்குப் பின்னால் நின்று கை தட்டினான். அவனுக்குப் பக்கத்தில் அவளே நின்றாள், கேக் வெட்டும் கத்தியோடு.

அன்றைக்கு வீட்டில் மூன்று பேர். மூன்று பேரும் படத்துக்குள் இருந்தார்கள்.

படம் ஒரு அடி முன்னால் நகர்ந்தது. மேசையைச் சுற்றி வந்து கம்சிகாவின் முகத்தருகே நின்றது.

போனின் சின்னத் திரையில் எத்தனை தரம் பார்த்திருப்பாள். ஊரிலிருந்த மாமிக்குக்கூட அனுப்பினாள். யார் எடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும்தான்.

யனுஷனை அழைத்தாள். "பேர்த்டே வீடியோவை ஆர் எடுத்தது?"

"சுலோச்சனா அக்கா எண்டெல்லோ நான் நினைச்சது. ஏன்?"

பக்கத்து வீட்டுச் சுலோச்சனா உடனே போனை எடுத்தார். "நான் அண்டைக்கு வரேல்லைப் பிள்ளை. எனக்குக் காய்ச்சல். அடுத்தநாள் நீர்தானே கேக் கொண்டுவந்து தந்தனீர். ஏன், ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை அக்கா."

போனை மடியில் வைத்தாள். வீடியோவைப் பின்னால் இழுத்து, மூவரும் மேசைக்குப் பின்னால் நிற்கும் இடத்தில் நிறுத்தினாள். மூன்று முகங்கள், அவர்களுக்குப் பின்னால் தோட்டத்துக் கண்ணாடிக் கதவு. ஒக்டோபர் இரவு, திரைச்சீலை இழுக்காத கதவு, அதனால் கதவு முழுக்கக் கறுப்பு. ஆனால் அது கண்ணாடி. உள்ளே விளக்கு எரிகிறபோது கண்ணாடி அறையைத் திருப்பிக் காட்டும்.

பிரைட்னஸை ஒரு படி ஏற்றினாள். கறுப்பு, சாம்பலாயிற்று. இன்னொரு படி. மூன்று முதுகுகள் தெரிந்தன. விரல் பொத்தானிலிருந்து எழவில்லை. தொங்கும் விளக்கு தெரிந்தது. மேசை விளிம்பு. மேசைக்கு இந்தப் பக்கம், படம் எடுக்கிறவர் நிற்கவேண்டிய இடத்தில், ஏதோ உயரமாக.

இன்னும் ஒரு படி.

அது கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. போனைப் பிடிப்பதுபோல. கைகள் வெறுமையாக இருந்தன. கூரையில் முட்டாமலிருக்கத் தலையைச் சரித்திருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மினுங்கும் ஈரம். அவ்வளவுதான்.

படப் பிழையாக இருக்கலாம். போனில் விரலைத் தள்ளினாள். அடுத்த வீடியோ. தோட்டத்தில் மூவரும் இலை கூட்டுகிறார்கள். அடுத்தது. சாப்பாட்டு மேசையில் மூவரும். இவற்றை அவள் பார்த்ததே இல்லை. அடுத்தது இருட்டு, ஏற்றி வைத்த வெளிச்சத்தில் மெல்லத் தெளிந்தது. அவர்களின் கட்டில். மேலேயிருந்து. யனுஷன், நடுவில் கம்சிகா, ஓரத்தில் அவள். மூவரும் தூங்குகிறார்கள். படம் தாழ்ந்தது. தாழ்ந்துகொண்டே வந்தது. அவளுடைய கண்ணிமை திரையை நிறைக்கும்வரை.

போனை டிவியிலிருந்து துண்டித்தாள்.

திரை கறுத்தது. சுத்தமான கறுப்பு.

ஹீட்டரின் தட்டல் நின்றிருந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மேலே பிள்ளை இருக்கிறாள். எழுந்து ஓடவேண்டும், தூக்கிக்கொண்டு வாசலால் போகவேண்டும், செருப்புக்கூட வேண்டாம்.

முதுகுப் பக்கம் கதவு திறந்தது. நடைபாதையின் வெளிச்சம் உள்ளே விழ, கறுப்புத் திரை முழு அறையையும் காட்டியது. சோபா. சோபாவில் அவள். கதவடியில் நைட் டிரெஸ்ஸில் கம்சிகா.

"கம்சி. இஞ்ச வா. கெதியா அம்மாட்ட வா."

கம்சிகா வரவில்லை. தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். ஒரு காலை முன்னால் வைத்து, நாடியைத் தூக்கி, சிரித்தாள். அவளுடைய கண்கள் தாயைப் பார்க்கவில்லை. தாயின் தலைக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே, ஓரிடத்தைப் பார்த்தன.

"அம்மா, ஆடாதேங்கோ," என்றாள். "படம் எடுக்கினம்."

அஜித்தா திரும்பவில்லை. திரையை மட்டும் பார்த்தாள். சோபாவின் பின்னாலிருந்து நீண்ட இரண்டு கைகள் அவளின் இரு கன்னங்களின் பக்கமாகவும் வந்தன. ஈரமாக, அவசரமில்லாமல், ஸ்டூடியோக்காரர் செய்வதுபோல, அவளுடைய முகத்தைப் பிடித்துக் கொஞ்சம் நிமிர்த்தின.