போக்கில்லாத அறை

ஊதுபத்தியின் புகை கதவுக்குக் கீழால் உள்ளே போனது. மேலே வரவில்லை.

வாத்தியார் சோமசேகரம் குந்தியிருந்தபடியே பத்தியை இன்னும் தாழ்த்திப் பிடித்தார். காலையிலிருந்து விட்டுவிட்டுப் பெய்த மழை ஓட்டில் இரைந்துகொண்டிருந்தது. யன்னல்களில் ஒட்டியிருந்த கறுப்புக் கடுதாசி ஈரத்தில் ஊறிப் பசை மணத்தது. அந்த மணத்துக்கும் அடியில், யுத்த விமானம் குண்டு போட்டுத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கி எரிந்த நாள் தொட்டு இந்த வீட்டை விட்டுப் போகாத கருகல் நாற்றம் கிடந்தது. தரைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. புகை அதற்குள் நூலாக இழுபட்டது.

"உள்ளுக்குப் போகுது, சேர்," என்றான் தம்பிராசா.

"போகும். இப்ப மேல பாரும். பெட்டியால வருதோ?"

"வரேல்ல."

கட்டிடக்கலை படிக்க வந்தவர்களில் மிஞ்சியது தம்பிராசாவும் மூதூர் முஹம்மது தம்பியும்தான். மற்றவர்கள் உயிர் தப்பினால் போதுமென்று ஊரை விட்டுப் போய்விட்டார்கள். வகுப்பு நடந்த கட்டிடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டதால், வாத்தியார் வீட்டுப் பின்விறாந்தையில், சாரலுக்குத் தட்டி கட்டிப் பாடம் நடந்தது. இன்றைக்கு, கட்டிடத்துக்குள் காற்று எப்படி வந்து எப்படிப் போகிறது என்ற பாடம். விமானத்துக்கு விளக்குத் தெரியக் கூடாத இருட்டடிப்புக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. வெளிச்சம் கசியாமல் அடைத்தால் காற்றும் அடைபட்டுப் போகும். அதற்காகத்தான் அவர் இந்த வடக்கு அறைக் கதவு நிலைக்கு மேலே ஒரு பலகைப் பெட்டி செய்து பொருத்தியிருந்தார். உள்ளே மூன்று வளைவு. வெளிச்சம் வளையாது, காற்று வளையும். கீழால் போகிற புகை சற்று நேரத்தில் மேலால் வர வேண்டும்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி பூரணியும் பிறந்த பிள்ளையும் இருந்தார்கள். பிள்ளை பிறந்த தீட்டு, அந்தத் துடக்கு, கழியும் வரை அவர் உள்ளே போகக் கூடாது. பூரணியின் அக்கா ராசமலர்தான் போய்வருவாள்.

பெண் பிள்ளை என்று ராசமலர் வந்து சொன்னபோது அவர் "ஓ" என்றுவிட்டு, கழன்றிருந்த ஓட்டைச் சரிசெய்ய ஏணி எடுக்கப் போனார். குண்டு விழுந்த அன்று இடிபாட்டுக்குள்ளிருந்து ஆட்களை இழுத்தெடுத்தவர் அவர். சிலரை முழுதாக இழுக்க முடியவில்லை. அன்றைக்கு மரத்துப்போன மனம் பிறகு திரும்பவே இல்லை. சோறு மண்ணாக இருந்தது, சாவீட்டில் அழுகை வரவில்லை. துடக்குக் கழிகிற அன்று பிள்ளையைக் கையில் வாங்குவேன், அப்போதாவது ஏதும் வரும் என்று காத்திருந்தார். அப்போதும் ஒன்றும் வராவிட்டால் என்ற பயம் ஒன்றுதான் மரக்காமல் கிடந்தது.

"சேர்." முஹம்மது தம்பியின் குரல் தாழ்ந்திருந்தது. "புகை திரும்பி வருது."

வந்தது. போன அதே இடைவெளியால், உருண்டு, தரையோடு படிந்து வந்தது. அவருடைய கால்விரல்களைத் தொட்டது. நின்றது. பிறகு மெல்ல உள்ளே போனது.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே. வெளியே. அவசரமில்லாமல், நல்ல நித்திரையில் இருக்கிற ஆளின் நெஞ்சு ஏறி இறங்குவது போல.

ராசமலர் குசினியிலிருந்து தணல் சட்டியோடு வந்தாள். நெற்றியில் ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"மச்சாள், இந்தப் பெட்டிக்குள்ள ஏதும் வைச்சனீங்களோ?" என்று வாத்தியார் கேட்டார்.

"ஓம், நான்தான் பழஞ்சீலை வைச்சு அடைச்சனான். வாடை என்ன அடி அடிக்குது. பச்சை உடம்பில காத்துப் பட்டுச் சன்னி கண்டா ஆர் பாக்கிறது?"

"எப்ப அடைச்சனீங்கள்?"

"விடியக்காத்தால. உள்ள இருக்கிற தணல் சட்டியில சிரட்டைக் கரி போட்டு, சாம்பிராணியும் போட்டுவிட்டனான். தாயும் பிள்ளையும் நல்ல நித்திரை." அவள் நெற்றியைத் தடவினாள். "எனக்குத்தான் தலை வெடிக்குது. உள்ள போய்வந்தா நிக்க ஏலாமக் கிடக்கு."

பிள்ளை இன்றைக்கு அழவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நேற்றுப் பாடம் நடத்தவிடாமல் கத்தின பிள்ளை.

அடைத்த அறையில் கரி நெருப்பின் நச்சுக் காற்று நித்திரையிலேயே ஆளைக் கொல்லும் என்று அவரே கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவர். வாயைத் திறந்தால் ஒரு சொல் போதும். ஆனால் கண் புகையை விட்டு விலகவில்லை. போக்கில்லாத இடத்துக்குள் காற்று போகாது. இந்த அறை யன்னலுக்குப் பலகை அடித்து, தார்த்துணி ஒட்டி, வெளியே மணல் மூட்டை அடுக்கியது அவர்தான். கூரைக்குக் கீழே பலகை பாவினதும் அவர்தான். பெட்டியும் அடைபட்டுவிட்டது. அப்படியென்றால் எது இழுக்கிறது?

"ரெண்டு பேரும் வெளியால ஓடிப்போய் யன்னலை உடையுங்கோ," என்றார். சொன்ன குரல் யாருடையதோ போல இருந்தது.

அவர்கள் மழைக்குள் ஓடினார்கள். அவர் கதவைத் தள்ளினார்.

"ஐயோ, துடக்கு," என்றாள் ராசமலர்.

உள்ளே வெக்கை. சாம்பிராணி, உள்ளிப்பூண்டு, பால் மணம். சிமினி விளக்கின் சுடர் நீலமாக ஒரு பருப்பளவுக்குச் சுருங்கியிருந்தது. பூரணி கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, கலியாணத்தன்று இருந்ததை விட வடிவாக இருந்தாள். பிள்ளை அவளுடைய கைக்குள்.

கையில் இன்னும் பத்தி இருந்தது. அதை அவளுடைய மூக்கடியில் பிடித்தார்.

புகை நேரே எழுந்தது. அசையவில்லை.

பிள்ளையின் மூக்கடியில் பிடித்தார்.

நேரே.

அவர் பிள்ளையைத் தூக்கினார். இன்னும் சூடு ஆறவில்லை. தலை அவருடைய உள்ளங்கையில் அடங்கியது. இதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. நெஞ்சுக்குள் தட்டிப் பார்த்தார், ஒன்றுமே இல்லை.

பத்தியின் புகை சாய்ந்தது.

சுவர்ப் பக்கம்.

யன்னலில் ஒட்டியிருந்த தார்த்துணி உள்வாங்கியது. பலகை மேல் ஆணியடித்து ஒட்டிய துணி. அதற்குப் பின்னால் இடமில்லை. ஆனாலும் உள்வாங்கியது. ஆழமாக. நின்றது. பிறகு புடைத்தது. மூச்சு அவருடைய முகத்தில் பட்டது. வெதுவெதுப்பு. பால் மணம்.

அதோடு ஒரு சத்தம்.

மேலே, நிலைக்கு மேலே, அடைத்த பெட்டிக்குள்ளிருந்து. மெல்லிய அழுகை. நேற்றுக் கேட்ட அதே அழுகை.

கையிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். வாய் மூடியிருந்தது.

துணி உள்வாங்கியது. அழுகை நின்றது. துணி புடைத்தது. அழுகை வந்தது. இப்போது அதோடு இன்னொரு குரலும். களைத்த குரல். பிள்ளையை "ஓராட்டி, ஓராட்டி" என்று ஆற்றுகிற பூரணியின் குரல்.

அவருக்குக் கண் நிறைந்தது. மரத்துக் கிடந்ததெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்தது. என்ரை பிள்ளை, என்று நினைத்தார். என்ரை பிள்ளை அழுகிறாள்.

வெளியே மணல் மூட்டைகள் சரிந்து விழுகிற சத்தம். பலகையில் முதல் அடி விழுந்தது. அழுகை பாதியில் அறுந்தது, பிறகு இன்னும் மெலிந்து வந்தது. யன்னல் உடைந்தால் அந்த இரண்டு குரலும் போய்விடும்.

"சேர்," முஹம்மது தம்பி வெளியே நின்று கத்தினான். "பலகை விடுது. இன்னும் ஒரு அடி. உடைக்கட்டோ?"

ராசமலர் கதவடியில் நின்று தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டி விழுந்து தணல் விறாந்தை முழுக்கச் சிதறியது.

சோமசேகரம் காலால் கதவைச் சாத்தினார். பிள்ளையை ஒரு கையில் அணைத்தபடி, இரவில் வெளிச்சத்தை மறைக்க வைக்கிற சாக்கை எடுத்து, கதவின் கீழே இடைவெளி தெரியாமல் நெருக்கி வைத்தார். பத்தியை அணைத்தார். பெட்டிக்கு நேர் கீழே, அழுகை நன்றாகக் கேட்கிற இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வேண்டாம்," என்றார். "காத்துப் படும்."

முதுகுக்குப் பின்னால் சுவர் மெல்லப் புடைத்தது.