அசல் மாறாத பாகம்

சித்திரை மாதத்து இரண்டாம் ஞாயிறன்று, காலை ஒன்பது மணி முதல் பகல் ஒரு மணி வரை, கோயம்புத்தூர்வாசிகள் கோபப்படலாம். மாநகராட்சியின் அனுமதி உண்டு. மற்ற நாட்களில், காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருக்கும் சினத்தடை, இரத்தம் சூடேறும் முன்பே அதைத் தணித்துவிடும். ஊரில் நூறாண்டுகளாக ஒரு சண்டை இல்லை. வண்டிகள் தாமே ஓடுவதால் சாலையில் ஒரு மோதலும் இல்லை. அதனாலேயே, அந்த நான்கு மணி நேரம் அவினாசி சாலையில் நடக்கும் பழங்கார் ஊர்வலத்துக்கு மக்கள் விடியும் முன்பே பாய் விரித்து இடம் பிடித்தார்கள்.

அவர்கள் வந்தது காரைப் பார்க்க அல்ல, இடிப்பைப் பார்க்க. ஊர்வலத்தின் முடிவில் ஒரு கார், முன்னால் போகும் காரை மெல்ல இடிக்கும். ஓட்டியவர்கள் இருவரும் இறங்கி, முன்னோர் செய்தபடியே ஒருவரையொருவர் திட்டுவார்கள். கூட்டம் சீழ்க்கையடிக்கும். பின்பு, அசல் மாறாத காருக்கு மதிப்பீட்டு எந்திரம் கோப்பை தரும்.

மூன்றாண்டுகளுக்கு முன் அந்த இடிப்பில்தான் மயிலாத்தாளின் கணவர் நாச்சிமுத்து இறந்தார். பழங்கார் சங்கத் தலைவர் சடையப்பனின் கார் அன்று சற்று வேகமாகவே இடித்துவிட்டது. நாச்சிமுத்து மயங்கி இருக்கையிலேயே சாய்ந்துவிட்டார். அதைக் கவனியாமல் சடையப்பன் சன்னல் வழியே திட்டிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து காரின் எஞ்சின் நின்றும் மின்சாரப் பெட்ரோல் பம்பு நிற்கவில்லை. உடைந்த குழாய் வழியே, சூடான புகைக்குழாயின் மேல் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருந்தது. வசவு நன்றாக இருந்ததால், தீ எழும்வரை யாரும் கீழே பார்க்கவில்லை.

மயிலாத்தாள் அதன்பின் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பழைய வரைபடங்களைத் தேடிப்பிடித்துக் கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு சிறு டப்பாவைச் செய்தாள். உள்ளே ஒரு காந்தக் கிண்ணம், அதில் ஓர் எஃகுக் குண்டு. பலத்த இடி விழுந்தால் குண்டு துள்ளி வெளியே விழும். பம்புக்குப் போகும் மின்சாரம் அறுபடும். அவ்வளவுதான். இந்த ஆண்டு, இடிக்கும் காருக்கும் இடிபடும் காருக்குமாக அப்படி இரண்டு செய்து எடுத்து வந்திருந்தாள்.

ஒன்பது மணிச் சங்கு ஊதியது. சினத்தடைகள் அணைந்தன. சடையப்பன் முதல் வேலையாக அவளிடம் வந்தார்.

“என்ன அம்மிணி, கையில டப்பா? வண்டிக்குப் பேதி மருந்தா?”

“துண்டிப்பானுங்க. இடி விழுந்தா பம்பு நின்னுரும். உங்க வண்டிக்கும் ஒண்ணு கொண்டாந்தேன்.”

“என்ற வண்டி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணு. அதுல இந்தக் கருமத்தை மாட்டி அசலைக் கெடுக்கச் சொல்றயா?”

“அறுபத்தொண்ணுல இந்த வண்டிக்கு மின்சாரப் பம்பு ஏதுங்க? எஞ்சின் ஓட்டற பம்புதான் இருந்துச்சு. நீங்கதான மாத்துனீங்க?”

“அது வண்டி ஓடறதுக்கு மாத்துனது!”

“ஓடறதுக்கு மாத்துனா அசலு. நிக்கறதுக்கு மாத்துனா கெட்டுப்போச்சுங்களா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சடையப்பனின் முகம் கறுத்தது.

“புருசன முழுங்கிட்டு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா! போ அங்கிட்டு.”

மயிலாத்தாளுக்குச் சினம் மூண்டது. பதில் நாக்கின் நுனிவரை வந்தது. தடுக்க எந்தக் கருவியும் இல்லை. முருகனை நினைத்துக்கொண்டு அவளே அதை விழுங்கினாள்.

சடையப்பன் வசவு ஒத்திகை பார்க்கப் பந்தலுக்குப் பின்னால் போனார். காரின் முன்னிருக்கையில் அரக்குப் பட்டு உடுத்தி அவர் மனைவி பூங்கோதை உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, மாட்ட எத்தன நேரமாகும்?”

“ரண்டே ஒயருதான் கண்ணு. பத்து நிமிசம்.”

“மாட்டீருங்க. இந்த சீட்டுல உக்காந்தாலே நாச்சிமுத்து அண்ணன் நெனப்புத்தான் வருது. அவரு கேட்டா நாஞ் சொல்லிக்கறேன்.”

மயிலாத்தாள் குனிந்து, பூங்கோதையின் கால்மாட்டுத் தகட்டில் டப்பாவை நேராக முடுக்கினாள். பம்பின் ஒயரை வெட்டி அதில் சேர்த்தாள்.

நண்பகலில் இடிப்பு நேரம் வந்தது. சடையப்பன் வேகமெடுத்தார். பிரேக்கை மிதித்தபோது மிதி தரையைத் தொட்டது, வேகம் குறையவில்லை. முன்காரைத் தவிர்க்கத் திருப்பினார். கார் நடுச்சாலைக் கல்தடுப்பில் பேரோசையுடன் மோதியது.

மயிலாத்தாள்தான் முதலில் ஓடினாள். காருக்கு அடியில் பார்த்தாள். குழாய் பிய்ந்து தொங்கியது. அதிலிருந்து ஒரு கை அளவு பெட்ரோல் சொட்டியது, நின்றது. பம்பின் சத்தம் இல்லை. உதடு கிழிந்த பூங்கோதையை அணைத்து இறக்கினாள். “ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல.”

சடையப்பன் தானே இறங்கினார். கால்மாட்டில் டப்பாவைக் கண்டார்.

“அடிப்பாவி! யாரைக் கேட்டு இதை மாட்டுன? கோப்பை போச்சே! திருட்டுக் கழுதை, என்ற வண்டியத் தொட உனக்கென்ன தைரியம்?”

“நாந்தானுங்க மாட்டச் சொன்னேன்,” என்றாள் பூங்கோதை, உதட்டைத் துடைத்தபடி. அவர் காதில் அது விழவே இல்லை. விரலை மயிலாத்தாளின் முகத்துக்கு நேரே நீட்டி மூன்று நிமிடம் பொழிந்தார்.

மதிப்பீட்டு எந்திரமான நடுவன் உருண்டு வந்து காரைச் சுற்றி அளந்தது.

“டயர் புதியது. சாயம் புதியது. பம்பு புதியது. துண்டிப்பான் இன்று காலையில் மாட்டியது. இந்தக் காரைப் போட்டியிலிருந்து நீக்குகிறேன்.”

சடையப்பன் தலையில் கை வைத்தார்.

“ஆனால்,” என்றது நடுவன், “நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய சாலைக் காட்சிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் அன்று போலவே இருக்கிறது. பிழைத்து எழுந்தவர் உயிர் காத்தவரைத் திட்டுவது. சொல், குரல், நீட்டிய விரல், எதிலும் தேய்மானம் இல்லை. இன்று இங்கே உள்ள ஒரே அசல் பாகம் இதுதான். கோப்பை இதற்கே.”

கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. சடையப்பன் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கினார். கண்களில் ஆனந்தக் கண்ணீர்.

“பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலீங்க!” என்று ஒருவர் கத்தினார். “இன்னொருக்காத் திட்டுங்க!”

சடையப்பன் நிமிர்ந்து, மயிலாத்தாள் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். புழுதியில் காய்ந்த தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

மயிலாத்தாள் தன் செம்பை அவரிடம் நீட்டினாள்.

“மொதல்ல தண்ணி குடிங்க,” என்றாள். “அப்பறம் திட்டுங்க.”